கடை வழக்கம்

"பிரிங்க! முழுசாப் பிரிச்சிட்டு மறுபடியும் தைங்க!"

பாலக்கரை முஜிபுர் ரஹ்மான் தையல் கடைக்குள் காலை வைத்ததுமே டோரதி டீச்சரின் காதில் விழுந்தது இந்த அதட்டல்தான். மிஷினுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர், வயசு நாற்பதுக்குக் குறையாது, ஒரு பழைய சட்டைக் கையை மடியில் வைத்துக்கொண்டு ஊசியும் நூலுமாக வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

'ஏழு கழுதை வயசுக்கு மேல தொழில் பழக வந்திருக்கு! இதுக்கு வாங்க போங்கன்னு மரியாதை வேற' என்று டீச்சர் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. நாளை மறுநாள் மகள் பேட்ரிசியாவுக்குக் கல்யாணம். கல்யாண அலைச்சலில் எல்லாரும் இளைப்பார்கள், டீச்சருக்கு நேர்மாறு. புதுப் பட்டு ஜாக்கெட்டின் கை முழங்கையைத் தாண்டவில்லை என்று லூஸ் பண்ணக் கொடுத்திருந்தாள். கடை வாசலிலோ, 'நாளை முதல் ஒரு மாதம் விடுமுறை' என்று அட்டை தொங்கியது.

"பாய், என் ஜாக்கெட்?"

"ஒரு நிமிஷம் டீச்சர்." பாய் கண்ணாடிக்காரரிடம் திரும்பினார். "சுருங்கின இடத்துல நீளவாக்குல கீறுங்க. கீறினதைக் குறுக்குவாக்குல இழுத்துத் தைங்க. தன்னால அகலமாயிடும், வெட்டி எறியவே வேணாம். நீங்க சொன்ன வழிதானே? அப்புறம் ஏன் தடுமாறுறீங்க?"

கீறுவதா! டீச்சருக்குப் பகீர் என்றது.

"ஐயோ மாதாவே! பாய், இந்த ஆள் கையில என் பட்டு ஜாக்கெட்டைக் கொடுத்துடாதீங்க!"

"அதெப்படிக் கொடுப்பேன்? நம்ம கடை வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? வேஸ்ட் துணியில பத்து தையல் போட்டுக் காட்டணும். பத்தாவதாவது தேறணும். அது வரைக்கும் எப்பேர்ப்பட்ட ஆளா இருந்தாலும் அசல் உருப்படியைத் தொட விடமாட்டேன்."

கண்ணாடிக்காரர் ஒன்பதாவதை நீட்டினார். பாய் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இந்தச் சந்துல எறும்பு குடும்பத்தோட போகும். பிரிங்க!"

மனுஷன் முகம் சுண்டிப்போயிற்று. டீச்சருக்கே பாவமாக இருந்தது. பையிலிருந்த கல்யாணக் கேக்கை எடுத்து இருவருக்கும் நீட்டினாள். கண்ணாடிக்காரர் வாங்கிக்கொண்டார். பாய் வேண்டாமென்று தலையாட்டிவிட்டுக் கஞ்சி டம்ளரை எடுத்தார்.

"வயித்துல என்னமோ குரோன்ஸ்னு ஒரு வியாதியாம் டீச்சர். ரெண்டு வருஷமா இந்தக் கஞ்சித் தண்ணியைத் தவிர ஒண்ணும் இறங்க மாட்டேங்குது."

"உடம்பைப் பாத்துக்கங்க பாய்" என்றாள் டீச்சர். அவள் கண்ணெல்லாம் துணி அலமாரி மேலேயே இருந்தது.

பத்தாவது தையலோடு சட்டைக் கை வந்தது. பாய் இழுத்துப் பார்த்தார், உள்ளே விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார், கடைசியில் முகம் மலர்ந்தார்.

"மாஷா அல்லாஹ்! இது தையல்!"

கண்ணாடிக்காரர் பரீட்சையில் பாஸான பையன் மாதிரி சிரித்தார். "அப்ப நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு, பாய்" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற அம்பாசடர் காரில் ஏறிப் போனார்.

தொழில் பழகுகிற ஆளுக்குக் காரா! டீச்சர் வாயைப் பிளந்தாள். அதற்குள் பாய் அலமாரியைத் திறந்து பட்டு ஜாக்கெட்டை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இதை நான் நேத்தே முடிச்சிட்டேனே."

"அப்ப அந்த ஆள் நாளைக்கு எதைக் கீறித் தைக்கப்போறாரு?"

பாய் மிச்சக் கஞ்சியை ஒரே மடக்கில் குடித்தார்.

"சுருங்கிப்போன என் குடலை, டீச்சர்."