மூடி கேட்ட குரல்

புது மாத்திரைப் புட்டி தன்னைப் பற்றிச் சொன்னது. "ரத்த அழுத்தத்துக்கான மருந்து. முதல் வேளை தலை சுற்றி விழ நேரலாம். கூட இருந்து பார்த்துக்கொள்பவர் பேசினால்தான் மூடி திறக்கும்."

வீட்டில் ஸ்டெல்லாவைத் தவிர யாரும் இல்லை. "நான் இருக்கேன், திற" என்று குரலைக் கனமாக்கிப் பேசிப் பார்த்தாள். மூடி அசையவில்லை. இறந்துபோன கணவரின் குரலைக் கைப்பேசியில் ஓடவிட்டாள்.

"சாப்டியா, ஸ்டெல்லா?" என்றார் அவர்.

"பதிவு செய்த குரல் செல்லாது. உங்களோடு இருப்பவர் பேசவும்" என்றது புட்டி.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பிறகு, குடிவந்ததிலிருந்து ஒருமுறைகூடத் தட்டாத எதிர் வீட்டுக் கதவைப் போய்த் தட்டினாள்.

திறந்த பெண்மணிக்கும் இவள் வயதுதான் இருக்கும். ஸ்டெல்லா வாயைத் திறப்பதற்குள் அவள் பார்வை புட்டியில் விழுந்தது.

"உள்ள வாங்க. முதல்ல நீங்க போட்டுக்குங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றாள்.

பிறகு ஃப்ரிட்ஜ் மேலிருந்து அதே மாதிரி ஒரு புட்டியை எடுத்து வந்தாள்.

"நாளைக்கு எனக்கு வந்து பேசுறீங்களா?"

திறக்கப்படாத அந்த மூடியில் தூசி படிந்திருந்தது.