இரண்டாம் பரிசு

"வலிக்குதாண்ணே?"

"ஊசி குத்தினா பின்ன இனிக்குமா? குத்து வாங்குறவன் நானு, நீ ஏன்டா கண்ண மூடிக்கிறே?" என்று சிரித்தார் அண்ணன்.

நர்ஸ் குழாய்களைப் பொருத்திவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார். டயாலிசிஸ் இயந்திரம் ஓடத் தொடங்கியது. இனி மதியம் வரைக்கும் அண்ணன் அந்தக் கையை அசைக்க முடியாது. தம்பி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஆனாலும் சட்டைக்கை புஜத்தை விட்டு ஒரு நூல் நகராமல் இறுக்கிக்கொண்டிருந்தது. சொந்தமாக ஜிம் நடத்துகிறவர், வேறு எப்படி இருப்பார்?

"டாக்டர் கூப்பிட்டுச் சொன்னாருண்ணே. என் கிட்னி உனக்குப் பொருந்துதாம்."

"நல்ல சேதிதானே? அதுக்கு ஏன்டா துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கே?"

தம்பி பேச்சை மாற்றினார். "நம்ம பழைய ஷெட்ட இடிச்சுட்டாங்கண்ணே. நேத்து அந்தப் பக்கமாப் போனேன்."

"அடப்பாவிங்களா!" அண்ணனுக்கு நிஜமாகவே வலித்தது. "பெயின்ட் டப்பாவுல சிமென்ட் ஊத்தி வெயிட் செஞ்சோமே, ஞாபகம் இருக்கா? ஒரு பக்கம் கனமா இருக்கும், ஒரு பக்கம் லேசா இருக்கும்."

"அதனாலதான் இன்னிக்கும் உன் வலது தோள் ஒரு சுத்து பெரிசு."

"கண்ணாடியும் பாதிதானேடா இருந்துச்சு! மீதி முதுகை நீதான் பார்த்துச் சொல்லணும்."

"நான் சொன்னேன். நீ சொன்னியா? என் முதுகு எப்படி இருக்குன்னு கேட்டா, பரவாயில்லைம்பே."

"பொறாமைடா!" என்றார் அண்ணன். இருவரும் பக்கத்துப் படுக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள். அந்த ஷெட்டில் வெயிலுக்குத் தகரக் கூரை கொதிக்கும். இருக்கிற ஒரே பெஞ்சுக்கு இருவரும் அடித்துக்கொள்வார்கள். இரவு ஒரே போர்வைக்குள் படுத்து, யார் புஜம் பெரிசு என்று நூல் வைத்து அளப்பார்கள். அந்தச் சந்தோஷம் இத்தனை வருடத்தில் திரும்பக் கிடைக்கவேயில்லை என்று தம்பிக்குத் தோன்றியது.

"இப்ப உன் ஜிம்முல பசங்க எப்படி?"

"எல்லாத்துக்கும் அவசரம்ணே. மூணு மாசத்துல மலை மாதிரி ஆகணுமாம். ஸ்டீராய்டு ஊசி கேக்குறானுங்க. நேத்து ஒருத்தன், 'மாஸ்டர், இந்த வயசுலயும் இப்படி இருக்கீங்களே, என்ன எடுத்துக்கிறீங்க?'ன்னு காதக் கடிக்கிறான். முப்பது வருஷத்த எடுத்துக்கிட்டேன்டான்னு சொன்னேன்."

"சரியாத்தானே சொல்லியிருக்கே?"

"வாஸ்தவம்தான். அந்த வயசுல வெயிட்டோட மல்லுக்கட்டினேன். எந்த மூட்டு எப்ப மக்கர் பண்ணும், எங்க நிறுத்தணும்னு இப்பதான் புரியுது. ஆனா அதச் சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசுதுண்ணே. ஊசி போட்டு ஜெயிச்சவன் நானு. எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

அந்த நாளில் அண்ணன் ஒரு மருந்துக்கடையில் கம்பவுண்டர். கெஞ்சிக் கூத்தாடி அவரைச் சம்மதிக்க வைத்ததே தம்பிதான். கடையின் பின்னறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நிற்க வைத்து அண்ணன் ஊசி போட்டுவிடுவார். ஆணழகன் போட்டியில் மூன்று வருடம் தொடர்ந்து தம்பிக்குத்தான் முதல் பரிசு. மூன்று வருடமும் மேடையில் பக்கத்திலேயே நின்ற அண்ணனுக்கு இரண்டாம் பரிசு.

"தப்பு செஞ்ச நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். நீ கிட்னி போய் இங்க வந்து கிடக்கிறே. இது என்னண்ணே நியாயம்?" என்று கேட்டார் தம்பி. "டாக்டர்கிட்ட ஊசி விஷயத்த நான் சொல்லல. சொன்னா என்னை வேணாம்னுடுவாரோன்னு பயம். சொல்லாம விட்டா, கெட்டுப்போனத உன் தலையில கட்டிடுவேனோன்னு அதுவும் பயம். நீயே சொல்லு. குடுக்கட்டுமா, வேணாமா?"

அண்ணன் மற்ற கையால் தம்பியின் கையைத் தட்டினார்.

"தாராளமாக் குடு. உன் கிட்னி சுத்தமாத்தான் இருக்கு."

"ஆறுதலுக்குச் சொல்லாதேண்ணே."

"ஆறுதல் இல்லடா. உனக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா அம்மா மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு அப்பவே பயந்தேன். மூணு வருஷமும் உனக்கு நான் போட்டது வெறும் வைட்டமின் ஊசி."

தம்பி எழுந்தே நின்றுவிட்டார். "அப்ப நான் ஜெயிச்சது?"

"நீதான்டா ஜெயிச்சே. முழுக்க முழுக்க நீயே."

முப்பது வருடமாகப் பரணில் போட்டு மூடி வைத்திருந்த கோப்பைகளை நினைத்தபோது தம்பிக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. கண்ணைத் துடைத்த பிறகுதான் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"ஆனா அசல் மருந்த நீ வாங்கிட்டு வந்தியேண்ணே. ஒவ்வொரு தடவையும் பாட்டிலக் கண்ணால பார்த்தேனே. அதெல்லாம் எங்க போச்சு?"

"உன்னை ஒரே ஒரு தடவையாவது ஜெயிச்சுடணும்னு நானே போட்டுக்கிட்டேன்டா," என்றார் அண்ணன். "அப்பவும் முடியலையே!"