ஆற்று நீர் அறிக்கை

நீலமேகத்தின் புதுச் செருப்பை நான்தான் கழற்றினேன்.

மூன்று சக்கர மீன்பாடி வண்டியிலிருந்து அவனைத் தூக்கிவந்து ஆற்றோரச் சிமெண்டுத் திட்டில் உட்காரவைத்து, லுங்கியை முட்டிக்கு மேல் சுருட்டிவிட்டு, செருப்பைப் பக்கத்தில் ஜோடியாக வைத்தேன். மண்ணே படாத செருப்பு.

"பாத்து வைடா. தண்ணில போச்சுன்னா வூட்ல ரெண்டு பேருக்கும் சோறு கெடையாது" என்றான்.

வாங்கியவள் அவன் மனைவி அன்புக்கரசி. நடக்க முடியாதவனுக்கு எதற்குச் செருப்பு என்று அவளிடம் கேட்கும் தைரியம் எர்ணாவூரில் யாருக்கும் கிடையாது. எனக்குச் சுத்தமாகக் கிடையாது. அவள் வாங்கியதே என் பேச்சைக் கேட்டுத்தான்.

ஆடி மாதம் காசிமேட்டில் விசைப்படகின் மேல்தட்டிலிருந்து ஐஸ் அறைக்குள் விழுந்தான் நீலமேகம். முதுகில் அடி. இடுப்புக்குக் கீழே எல்லாம் இருக்கிறது. எதுவும் அவனுக்குத் தெரிவதில்லை.

சூடு தெரிகிறதா என்று அடிக்கடி பாருங்கள், தெரிந்தால் நல்லது என்றார் டாக்டர். எங்கே பார்ப்பது என்று சொல்லவில்லை.

அதற்கு டாக்டர் எதற்கு? அனல்மின் நிலையத்துச் சுடுதண்ணீர் ஆற்றில் வந்து விழும் இந்த இடத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் நீச்சல் பழகினோம். சித்திரையில் இறங்கினால் தோல் வெந்துவிடும். ஐப்பசி வெள்ளத்தில் இறங்கினால் முகத்துவாரம் வழியாக நேராகக் கடல்தான். மார்கழிதான் எங்கள் பருவம். ஊரே வாளித் தண்ணீரைப் பார்த்து நடுங்கும்போது, நாங்கள் புது மாப்பிள்ளைகள் மாதிரி வெந்நீரில் மிதப்போம்.

அதனால் தினமும் காலையில் அவனை இங்கே கொண்டுவருகிறேன். நான் தண்ணீரில் இறங்குவேன். தண்ணீர் எவ்வளவு சூடு என்று ரேடியோக்காரர் குரலில் அறிக்கை வாசிப்பேன். பிறகு அவன் கால்களை உள்ளே விடுவேன்.

அறிக்கை என் சொந்தச் சரக்கு. வாழ்க்கையில் நான் உருப்படியாகத் தயாரித்தது அது ஒன்றுதான்.

முதலில் பல நாள் அவன் வெறுமனே உட்கார்ந்திருந்தான். ஒருநாள், "லேசா சுடுற மாதிரி கீதுடா" என்றான்.

நான் உடனே தண்ணீருக்குள் முங்கிவிட்டேன். முகம் நனைந்திருப்பதற்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா.

அப்புறம் கணுக்கால் வரைக்கும் தெரிந்தது. அப்புறம் முட்டி. அறிக்கையில் சூடு கூடுதல் என்று வாசித்த நாளில் முகத்தைக்கூடச் சுளித்தான். ஒவ்வொன்றையும் அன்புக்கரசியிடம் ஓடிப்போய்ச் சொன்னவன் நான். கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பேன். போன வாரம் அவள் திருவொற்றியூர் போய்ச் செருப்பு வாங்கிவந்தாள்.

செருப்பைத் திட்டில் ஜோடியாக வைத்த அன்று நல்ல மார்கழிப் பனி. மின் நிலையத்தின் புகைபோக்கியே தெரியவில்லை. தண்ணீரின் மேல் வெள்ளையாக எழுந்துகொண்டிருந்தது ஆவி என்று நினைத்தேன். எனக்கு இறங்கச் சோம்பல். திட்டில் நின்றபடியே தொண்டையைக் கனைத்தேன்.

"இன்றைய ஆற்று நீர் அறிக்கை. தண்ணீர் நல்ல சூடு. நீந்த உகந்த நாள். மீன்களின் நலன் கருதி நீலமேகம் வாயை மூடிக்கொண்டு இருக்கவும்."

"மூட்றா" என்று சிரித்தான்.

தொடைக்குக் கீழே கைகொடுத்து அவன் கால்களைத் தூக்கி, மெதுவாக உள்ளே விட்டேன்.

அவன் கண்ணை மூடினான். கொஞ்ச நேரம் யோசிக்கிறவன் மாதிரி இருந்தான்.

"டக்கரா சுடுதுடா மாமு. முட்டி வரிக்கும் சுர்ருன்னு ஏறுது."

இன்றைக்கு அன்புக்கரசிக்குச் சொல்லப் பெரிய செய்தி. அந்தச் சந்தோஷத்தில் நானும் தண்ணீரில் குதித்தேன்.

சில்லென்றிருந்தது.

வழக்கமாகச் சுடுதண்ணீர் வந்து விழும் சத்தம் கேட்கும். அது இல்லை என்பது அப்போதுதான் காதில் உறைத்தது. மின் நிலையம் எப்போது நின்றதோ, யாருக்குத் தெரியும்.

நிமிர்ந்து பார்த்தேன். நீலமேகம் கண்ணை மூடிக்கொண்டு, வெந்நீரில் கால் வைத்தவன் எப்படி உட்கார்ந்திருப்பானோ அப்படியே உட்கார்ந்திருந்தான். நன்றாகத்தான் செய்தான். இத்தனை நாள் பழக்கம்.

எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்க வேண்டிய இடம் அது. பல் அடித்துக்கொள்ளாமல் இருக்க வாயை இறுக்கி மூடிக்கொண்டு, வழக்கமாக நிற்கும் நேரம் வரைக்கும் அவன் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன்.

அவன் கை எப்போதும்போல என் தோளில் இருந்தது. அதை நான் மறந்துவிட்டேன்.

"இன்னாடா, இப்டி நடுங்குற?"

"சிரிப்பு."

அவன் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். புகைபோக்கி இருக்க வேண்டிய பக்கம் பார்த்தான். பிறகு தன் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து என் தோளில் போட்டான்.

மேலே ஏறி அவன் கால்களை வெளியே எடுத்தேன். அந்தத் துண்டாலேயே துடைத்தேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தன. தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

செருப்பை மாட்டினேன். இடதும் வலதும் மாறிப்போய்விட்டது. அவன்தான் பார்த்துச் சொன்னான். கழற்றி மறுபடி மாட்டினேன்.

வண்டியில் தூக்கி உட்காரவைக்கும்போது, என் காதுப் பக்கம் அவன் வாய் இருந்தது.

"நாளைக்கி மொதல்ல தொட்டுப் பாத்துட்டு அறிக்கைய வாசிடா, மாமு. வூட்டுக்குப் போனா அவ கேப்பா."