கலுங்கில் காணும் பொங்கல்

சௌந்தரம் தண்ணீரில் இறங்கட்டும் என்று, கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழியும் கலுங்கின் மேல் எல்லோரும் காத்திருந்தார்கள்.

மூன்று வருடம் வெடித்துக் கிடந்த கண்மாய் இந்த ஐப்பசியில்தான் நிரம்பியிருந்தது. பாளையம்பட்டியிலிருந்துகூட குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். தண்ணீரைப் பார்க்கவா டிக்கெட் எடுக்கிறீர்கள் என்று கண்டக்டர் கேலி செய்தாராம்.

தூக்குச்சட்டிகளில் புளிச்சோறு. வேப்பமரத்தடியில் ஒரு டேப்ரிக்கார்டர், பாடாமல்.

சட்டையைக் கழற்றிய பிள்ளைகள் கல்லில் உட்கார்ந்து, தண்ணீர் பட்டுவிடாமல் காலை மடக்கி வைத்திருந்தார்கள்.

சாவு விழுந்த தண்ணீரில் அந்த வீட்டுப் பெண் முதலில் முங்கி எழ வேண்டும். அதுவரை வேறு யாரும் இறங்குவதில்லை.

கண்மாய் நிரம்பிய வாரமே இங்கே முங்கிப் போனவன் சௌந்தரத்தின் மகன் சங்கர்.

அவள் புருஷன் பால்ச்சாமி கரையோடு நின்றுவிட்டார். தண்ணீருக்கு முதுகைக் காட்டி, ரெட்டியபட்டி ரோட்டில் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வீட்டுக் கனகலட்சுமி மெல்ல வந்து சௌந்தரத்தின் தோளைத் தொட்டாள்.

"மனசு வரலைன்னா விட்ருங்க மதினி. பிள்ளைகளுக்குச் சோத்தக் குடுத்து நாங்க கூட்டிட்டுப் போயிர்றோம்."

"இனி எந்த வருசம் தண்ணியப் பாக்கப்போதுகளோ," என்றாள் சௌந்தரம். "விளையாடட்டும்."

படியிறங்கினாள். இடுப்பளவு வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். எழுந்தாள்.

பிறகு ஒரு பிள்ளை குதித்தது. அதன் பின்னால் எல்லாப் பிள்ளைகளும்.

யாரோ டேப்ரிக்கார்டரைத் தட்டிவிட்டார்கள்.

சௌந்தரம் கரையேறவில்லை.

கூச்சலுக்கு நடுவே இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தாள். தண்ணீர் மார்புக்கு ஏறியது, கழுத்துக்கு ஏறியது. கனகலட்சுமி சோற்றுக் கையோடு எழுந்து நின்றாள்.

கால் விரலால் எதையோ தடவிப் பார்த்து, சௌந்தரம் நின்றாள். கரையைப் பார்த்துத் திரும்பினாள். இரண்டு கைகளையும் விரித்தாள்.

நீந்திக்கொண்டே அவள் பக்கம் வந்துவிட்ட ஒரு சிறுமியின் தலையைப் பிடித்து, கரைப்பக்கமாகத் திருப்பி அனுப்பினாள்.

அப்போதுதான் கனகலட்சுமிக்குப் புரிந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் தரை கிடையாது. சங்கர் போன குழி அது.

ஆனால் குழி அவள் விரித்த கைகளுக்கு அடங்கவில்லை. அந்தப் பக்க விளிம்பு எங்கே என்று தெரியாமல், தலையை மட்டும் அங்குமிங்கும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

பால்ச்சாமி திரும்பிப் பார்த்தார்.

வேட்டியை மடித்துக் கட்டாமலே இறங்கினார். பிள்ளைகள் விலகி வழிவிட்டார்கள். அவர் காலால் தடவிப் பார்க்கவில்லை. நேராக நடந்துபோய், கழுத்தளவுத் தண்ணீரில் ஓரிடத்தில் நின்று, அவளைப் போலவே கைகளை விரித்தார்.

போன வைகாசியில், கண்மாய் காய்ந்து கிடந்தபோது, தன் பருத்திக் காட்டுக்கு உரமாகப் போட அங்கே கரம்பை மண்ணை வெட்டி வண்டியேற்றியவர் அவர்தான்.