செராமிக்கா, காம்போசிட்டா

"கழட்டவே முடியாதது எதுவோ, அதையே போட்டுடுங்க டாக்டர்" என்றார் என் வருங்கால மாமியார் ஜெயபுஷ்பம்.

வேலூர் பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தவள் நான். பேச்செல்லாம் அவருடையது.

என் மேல்வரிசை முன்பல்லின் நுனியில் ஒரு பள்ளம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற எங்களில் பாதிப் பேருக்கு இது உண்டு. இரண்டு கையும் தோலைப் பிடித்திருக்கும். எல்லாருக்கும் பொதுவான கத்தரிக்கோலைக் கேட்டு எழுந்து போனால், திரும்பி வருவதற்குள் அடுத்த ஜோடிகள் குவிந்துவிடும். அதனால் நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு அடுத்ததை எடுப்போம்.

என்னைக் கட்டப்போகும் நெல்வினுக்கு இந்தப் பல் பிடித்திருந்தது. அவன் அம்மாவுக்குத்தான் கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்தியது.

நிச்சயதார்த்தத்துக்கு முன் பல்லைச் சரிசெய்ய வேண்டும், கல்யாணத்தோடு வேலையை விட வேண்டும் என்று அத்தை முடிவாகச் சொல்லிவிட்டார். சர்ச்சில் யாரும் மருமகளைக் காட்டி 'கம்பெனிப் பொண்ணு' என்று சொல்லிவிடக் கூடாதாம்.

பல்லுக்குச் சம்மதித்தேன். வேலைக்குச் சம்மதிக்கவில்லை. வாய்விட்டு மறுக்கவும் தைரியம் வரவில்லை. அடுத்த மாதம் என்னைச் சூப்பர்வைசர் ஆக்குவதாகப் பேச்சு. எனக்கு நெல்வினும் வேண்டும், அந்த வேலையும் வேண்டும்.

அவன் கீழே தெருவில் நின்று, தன் புதுச் செல்போனை வேலூர் முழுக்கப் பார்க்கட்டும் என்று காதில் வைத்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் சைரா பொறுமையாக விளக்கினார். காம்போசிட் என்றால் பசை மாதிரி பல்லின்மேல் பூசி, விளக்கொளி காட்டி இறுக்குவது. இன்றைக்கே முடிந்துவிடும். பெயர்ந்தால் திரும்பப் பூசிக்கொள்ளலாம். செராமிக் என்றால் பல்லைக் கொஞ்சம் இழைத்து, அளவெடுத்து, லேபில் செய்த மெல்லிய ஓடு ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டுவது. அழகு, உறுதி. ஆனால் இழைத்த பல் இழைத்ததுதான். எதைப் போட்டாலும் நூல் மட்டும் கடிக்கக் கூடாது.

கல்யாணத்துக்கப்புறம் அவள் எங்கே நூலைக் கடிக்கப்போகிறாள் என்றார் அத்தை. வேலையை விட்டுவிடுவாள் என்றும் சொல்லிவிட்டார்.

என் வாய்க்குள் டாக்டர் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடி இருந்தது. அத்தை நல்ல சமயம் பார்த்தார்.

பிறகு காம்போசிட்டைப் பிடித்துக்கொண்டார். டீ குடித்துக் குடித்து மஞ்சளாகிவிடும். ஓரம் தட்டும், நாக்கு சும்மா இருக்காது, அங்கேயே போய்ப் போய்த் தடவும். முறுக்கைக்கூடக் கடைவாயில்தான் கடிக்க வேண்டும்.

நன்றாக விசாரித்து வந்திருக்கிறீர்களே என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். பக்கத்து வீட்டில் ஒருத்தர் போட்டிருக்கிறார் என்றார் அத்தை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பல்லை மட்டம்தட்ட இவ்வளவு ஆராய்ச்சியா?

பல் நிறம் பார்க்கும் அட்டையை எடுத்துவர டாக்டர் உள்ளே போனார். நான் எழுந்து உட்கார்ந்தேன். என் புதுச் சுடிதாரின் கை ஓரத்தில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தைக்கு எதுவும் அலங்கோலமாக இருந்தால் பொறுக்காது. இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

அடுத்தது கண் மூடித் திறப்பதற்குள் நடந்தது. நூலை விரலில் ஒரு சுற்று சுற்றினார். கட்டைவிரலால் துணியை அழுத்தினார். தலையைச் சாய்த்து, தையலை ஒட்டி, ஒரே கடி.

வீட்டில் இருப்பவர்கள் அப்படிக் கடிக்க மாட்டார்கள். இழுத்து, மென்று, எச்சில் பண்ணுவார்கள். இந்தக் கடி பழக எனக்கே ஒரு வருஷம் ஆனது.

டக்கென்று சத்தம். நூலோடு சேர்ந்து என் மடியில் வெள்ளையாக ஏதோ விழுந்தது.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் நான் பார்த்துவிட்டேன். மேல்வரிசை, முன்பல், பூச்சு பெயர்ந்த நுனியில் பள்ளம்.

எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. கீழே ஓடிப்போய் நெல்வினிடம் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது.

அப்போதுதான் அவர் கண்ணைப் பார்த்தேன். இத்தனை வருஷமும் இதே பயத்தோடு வாயை மூடி மூடிச் சிரித்திருக்கிறார். என் கோபம் போன இடம் தெரியவில்லை. மடியில் விழுந்ததை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டேன்.

டாக்டர் அட்டையோடு வந்தார். செராமிக்தானே என்று அத்தையைக் கேட்டார்.

அத்தையால் வாயைத் திறக்க முடியவில்லை. முதல் தடவையாக நான் பதில் சொன்னேன்.

"காம்போசிட் போதும் டாக்டர். பேந்தா திரும்ப பூசிக்கலாம். நான் வேலைய விடல."

டாக்டர் அத்தையைப் பார்த்தார். முந்தானைக்குப் பின்னாலிருந்து அத்தை தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

நான் நாற்காலியிலிருந்து இறங்கி, அத்தையைக் கைபிடித்து உட்காரவைத்தேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு முதலில் பாருங்கள் என்று சொல்லி உள்ளங்கையைத் திறந்து காட்டினேன். டாக்டர் கையுறையை மாட்டினார்.

விளக்கொளி முகத்தில் விழுந்ததும் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இன்னுமா அங்க ஆளுக்கொரு கத்தரி குடுக்கல?"

"நான் சூப்பர்வைசர் ஆனதும் மொத வேலையே அதான் அத்தை."

அத்தை முந்தானையை விட்டுவிட்டுச் சிரித்தார்.