மேல்வீடு, கீழ்வீடு

புதுப் பள்ளிக்கூடம் பக்கத்துப் பண்ணைக்காரன் ஓயிவாவின் நிலத்துக்கு வருகிறது என்று நகராட்சியிலிருந்து கடிதம் வந்த அன்று ஆர்மஸுக்குக் காபி இறங்கவில்லை.

நிலம் யாருடையதாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். பெயர்தான் உறுத்தியது. அந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்கு அது நிற்கும் பண்ணையின் பெயரைத்தான் வைப்பார்கள். ஓயிவாவின் பண்ணை யூலிதாலோ, அதாவது மேல்வீடு. ஆர்மஸின் பண்ணை அலதாலோ, கீழ்வீடு. இரண்டுக்கும் நடுவே மேடு என்று பார்த்தால் மூன்று முழம் தேறாது. ஆனாலும் எழுபத்து மூன்று வருஷமாக அவர் கீழ்வீட்டுக்காரர். இனிமேல் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் மேல்வீட்டுப் பிள்ளைகளாகிவிடுவார்கள்.

"ஓயிவா வீட்டு சவுனாக் குளியலறையில புகை நேராப் போனாக்கூட உனக்குப் பொறுக்காது," என்றாள் மனைவி ஹெல்வி.

"ஆபீஸ்ல யாரையோ கைக்குள்ள போட்டிருக்கான். கேட்டுட்டு வரேன்."

நகராட்சியில் வரைபடப் பிரிவைக் கவனிப்பவள் சைலா. முப்பது வயது இருக்கும். யாரும் யார் கைக்குள்ளும் இல்லை, இடத்தைத் தேர்ந்தெடுத்தது கம்ப்யூட்டர் வரைபடம்தான் என்று சொல்லித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். பிள்ளை இருக்கிற ஒவ்வொரு வீடும் அதில் ஒரு நீலப் புள்ளி. எந்தப் புள்ளியிலிருந்து பள்ளிக்கு எவ்வளவு நடை என்று அதுவே அளந்துவிடுமாம்.

"அப்போ என் வயலுக்கு என்ன கேடு?"

"நிலத்துல ஒரு குறையும் இல்ல. வழிதான் இல்ல." ஓடைக்கு அந்தப் பக்கம் கொத்தாகக் கிடந்த புள்ளிகளைத் தொட்டுக் காட்டினாள். "இங்கிருந்து காட்டுப்பாதை நேரா உங்க வயலுக்கு வருது. பத்து நிமிஷ நடை. ஆனா குறுக்கே பூட்டின கதவு ஒண்ணு இருக்கு. பிள்ளைங்க ரோட்டைச் சுத்தித்தான் வரணும். சுத்தி வந்தா ஓயிவா நிலந்தான் பக்கம்."

அந்தக் கதவை வைத்தவரே ஆர்மஸ்தான். ஓயிவா புது டிராக்டர் வாங்கிய வருஷம் வைத்தது. அவன் பிள்ளைகள் உருளைக்கிழங்குச் செடியை மிதிக்கிறார்கள் என்று ஊருக்குக் காரணம் சொல்லியிருந்தார்.

"ஊர்க்காரங்க கருத்தையும் கேட்டோம். அவங்கவங்க வரைபடத்துல குறி வெச்சு எழுதினாங்க," என்று சைலா ஒன்றைத் திறந்தாள்.

ஓயிவாவின் நிலத்தின் மேல் ஒரு குறி. பெயர் இல்லை. 'இது சதுப்பு. பனி உருகினா முழங்கால் அளவு தண்ணி நிக்கும்.'

போன மாதம் நூலகத்துக் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் அரைமணி நேரம் தட்டி ஆர்மஸே எழுதியது அது.

"போய்ப் பார்த்தோம். காய்ஞ்ச மண்ணு. யாரோ வயித்தெரிச்சல்ல எழுதியிருக்காங்க," என்று அதை மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தாள்.

இந்தக் குறி ஆர்மஸின் வயல் மேலேயே இருந்தது. அடியில் ஓயிவாவின் பெயர்.

'பள்ளிக்கூடம் இங்கதான் வரணும். என் நிலம் ரோட்டை ஒட்டி இருக்கு, பிள்ளைங்களுக்கு ஆகாது. கதவைக் கணக்குல எடுக்காதீங்க. பிள்ளைங்க வராங்கன்னு தெரிஞ்சா ஆர்மஸ் தானே திறந்துவிடுவான். அவனை எனக்குத் தெரியும்.'

"ஒருத்தர் சொன்னதை நம்பிக் கணக்குப் போட முடியாதில்லையா," என்றாள் சைலா. ஆட்சேபம் சொல்ல வெள்ளிக்கிழமை வரை நாள் இருப்பதாகவும், அதற்குள் கதவு போய்விட்டால் மறுபடி அளந்துவிடலாம் என்றும் சொன்னாள்.

ஆர்மஸ் வீட்டுக்குள்கூட நுழையவில்லை. கொட்டகையிலிருந்து ரம்பத்தை எடுத்துக்கொண்டு நேராகக் காட்டுப்பாதைக் கதவுக்குப் போனார். சாயங்காலம் துருப்பிடித்த பூட்டோடு திரும்பி வந்து, அதை மேசையில் போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். சதுப்பு விஷயத்தையும் மறைக்கவில்லை.

ஹெல்வி காபி ஊற்றினாள். "அப்போ இனிமே கீழ்வீட்டுப் பள்ளிக்கூடம். ஒருவழியா ஓயிவாவை ஜெயிச்சிட்ட."

ஆர்மஸ் பூட்ஸைக் கழற்றி மூலையில் எறிந்தார்.

"எங்க ஜெயிச்சேன்? இதுலயும் அவன்தான் மேல்வீடு."