மதிய அலாரம்

அவன் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டிருந்தான்.

அப்பாவின் கடிகாரம் தெரிய வேண்டும் அல்லவா.

கோயிலில் என் வீட்டுக்காரருக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்து, உறவுகள் மதியச் சாப்பாட்டுக்காக எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவன். என் ஒரே மகன். பக்கத்து நாற்காலியில் நான். மறுபக்கம் அவன் மனைவி.

"சுவிஸ்ல செஞ்சது, சித்தப்பா. கிழமை, தேதி, மாசம் எல்லாம் காட்டும். பேட்டரியே கெடையாது. இத வாங்கிச் சேக்குறதுக்குன்னே ஆளுங்க அலையுதாங்க."

"ஏலே ரெமிஜியுஸ், கப்பல வித்தாலும் கெடைக்காது போலயே!" என்றார் என் கொழுந்தன் பஸ்தியான்.

சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அதற்குச் சாவி கொடுக்க இரண்டு திருகுகள். ஒன்று நேரத்துக்கு, மற்றது அலாரத்துக்கு. பெருமையில் இரண்டையும் முறுக்கி வைத்திருந்தான்.

என் வீட்டுக்காரர் கப்பலில் இன்ஜினியராக இருந்தபோது அந்த அலாரம் அவரை வேலைக்கு எழுப்பியது. ஓய்வுபெற்ற பின் அதற்கு ஒரே வேலைதான். மதியச் சாப்பாட்டுக்கு முன் என் இன்சுலின். அது அடிக்கும். அவர் ஊசியோடு வருவார். நான் கையை நீட்டுவேன். குத்தியதே தெரியாது.

அவர் வைத்த நேரத்தை இவன் மாற்றியிருக்கவில்லை.

அடித்தது. சில்வண்டு மாதிரி.

யோசிப்பதற்குள் உடம்பு முந்திக்கொண்டது. ரவிக்கைக் கையை மேலே தள்ளி, அவன் பக்கம் கையை நீட்டிவிட்டேன்.

எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள்.

அவன் வலது கையால் கடிகாரத்தை இறுக மூடிக்கொண்டான்.

"யம்மா, இது அப்பா எனக்குன்னு சொல்லிட்டுப் போனது. எல்லார் முன்னாலயும் கேட்டா நல்லாவா இருக்கு?"

சொல்லிவிட்டுப் போனாராம்.

கடைசி நாட்களில் அவர் தொண்டையில் குழாய் இருந்தது. தண்ணீர் என்றுகூடச் சொல்ல முடியாமல் போனார். ஆஸ்பத்திரியில் கழற்றித் தந்த கடிகாரம் அன்றைக்கே இவன் பைக்குள் போனது.

"மதினி கொஞ்ச நேரம் கையில வச்சிப் பாக்கட்டுமேலே," என்றார் பஸ்தியான். எனக்காகப் பரிந்து பேசுகிறாராம்.

ஒரு மாதமாக நானே என் வயிற்றில் குத்திக்கொள்கிறேன். ஒரு மாதமாக இவனும் இதே வீட்டில்தான் இருக்கிறான்.

அவன் விரல்களுக்கு அடியில் அது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

தானாக ஓய்ந்தது.

எழுந்தேன். ரவிக்கைக் கையை இறக்கவில்லை. அத்தனை பேருக்கும் நடுவில் அப்படியே நடந்துபோய், பிரிட்ஜிலிருந்து மருந்தும் அலமாரியிலிருந்து ஊசியும் எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தேன்.

"போடு."

எவ்வளவு மருந்து என்றாவது கேட்பான் எனக் காத்திருந்தேன்.

அவன் தன் மனைவியைப் பார்த்தான்.